மொட்டு விரிவதற்குள் கொழும்பு

பூ வியாபாரத்தில் தூரத்தை மைலில் சொல்லமாட்டோம். மொட்டு தாங்குமா, தாங்காதா என்றுதான் கேட்போம். சங்கரன்கோவில் பூச்சந்தையில் காலை ஆறு மணிக்கு எடை போட்ட மல்லிகை, கோவில்பட்டிக்கு மொட்டாகவே போய்ச் சேரும். திருநெல்வேலிக்கும் சேரும். மதுரைக்குப் போகும்போது லேசாக வாய் திறந்திருக்கும். மெட்ராஸ் ரயிலில் ஏற்றினால் மறுநாள் எழும்பூரில் இறங்குவது விரிந்து பழுத்த பூ. அதனால் எங்கள் கணக்கில் மெட்ராஸ் மிகவும் தொலைவு. கொழும்பைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் மைதீனிடமிருந்து கடிதம் வந்தது. மைதீனுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். சங்கரன்கோவில் ஹைஸ்கூலில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கொழும்பில் அவன் வாப்பாவுக்கு இருந்த துணிக்கடையைப் பார்த்துக்கொள்ளப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். மனைவி மரியமும் அவனோடு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஆயிஷாவுக்குச் சித்திரையில் நிக்காஹ் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இப்படி இருந்தது:

"மரியத்துக்கு ரெண்டு வருஷமாக் கண்ணு தெரியல. உனக்கு எழுத மனசு வரல. இப்ப அவ ஒண்ணு கேக்கா. மகளைக் கல்யாணக் கோலத்துல பாக்கத்தான் முடியாது, நம்மூரு மல்லியை வச்சிவிட்டா அந்த மணத்தை வச்சாவது அவ எங்கன நிக்கா, எங்கன நடக்கான்னு தெரிஞ்சுக்கிடுவேன்னு சொல்லுதா. இங்கனயும் மல்லி கிடைக்கும். அது வேண்டாமாம். முடியுமா வே?"

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். திருநெல்வேலியில் விமான டிக்கெட் போடுகிறவரிடம் கேட்டபோது, "திருவனந்தபுரத்துல ஏறினா அம்பத்தஞ்சு நிமிஷம்" என்றார். மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பள்ளிக்கூட அட்லஸை விரித்து அடிக்குச்சியை வைத்துப் பார்த்தேன். சங்கரன்கோவிலிலிருந்து நேர்கோடு இழுத்தால், மெட்ராஸ் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கொழும்பு. அடிக்குச்சியைத் திருப்பி வைத்தும் பார்த்தேன். அப்படித்தான் வந்தது. நாற்பத்தைந்து வயது வரை இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

என் மனைவி கோமதியிடம் சொன்னேன். "அம்பத்தஞ்சு நிமிஷமா? தென்காசி பஸ்சே அதுக்கு மேல ஆக்குவானே" என்றாள்.

புறப்பட்ட அன்று கிழக்கு வெளுக்குமுன் எடுத்த மொட்டு ஆறு கிலோ. பெரிய மூங்கில் கூடையின் அடியில் மரத்தூளும் ஐஸும் வைத்து, மேலே வாழை மட்டையைப் பரப்பி, ஈரத்துணியில் மொட்டைப் பொதிந்து வைத்தேன். இறுக்கிக் கட்டினால் வெந்து போகும், தளர விட்டால் காற்றுப் பட்டு விரியும். ஆறரை மணிக்கு, வாடகைக்கு ஓட்டுகிற செல்லையாவின் அம்பாசடர் காரில் கிளம்பினோம். மத்தியானம் இரண்டு மணிக்கு விமானம். சாயங்காலம் ஆறரைக்கு நிக்காஹ். மொட்டு விரிகிற நேரமும் அதுதான்.

செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் ஏறினோம். ஒரு வளைவில் மரத்தடிகள் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் இருபது வண்டி, அந்தப் பக்கம் அதற்கு மேல். புனலூரிலிருந்து ஆள் வந்து தூக்க வேண்டும், நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து துணியை நனைத்தேன். நனைத்துக்கொண்டே இருந்தால் மட்டும் கொழும்பு பக்கத்தில் வந்துவிடுமா?

செல்லையாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. லாரிக்கும் பாறைக்கும் நடுவே ஓர் ஆள் நுழையலாம். அந்த வழியாகப் போய் அந்தப் பக்கத்துக் கார்களை ஒவ்வொன்றாக விசாரித்தான். திருவனந்தபுரத்திலிருந்து தென்காசிக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போகிற குடும்பம் ஒன்று அங்கே தவித்துக்கொண்டிருந்தது. கணவன், மனைவி, மனைவியின் தங்கை. செல்லையா அவர்களிடம் கைகளை இரண்டு பக்கமும் நீட்டி நீட்டிப் பேசுவது தெரிந்தது.

திரும்பி வந்து, "அண்ணாச்சி, எறங்குங்க. வண்டிய மாத்திக்கிடுவோம்" என்றான். "அவங்க நம்ம கார்ல தென்காசிக்கு. நீங்க அவங்க கார்ல திருவனந்தபுரத்துக்கு."

எப்படிப்பட்ட யோசனை! அந்தக் குடும்பம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். லாரி அருகில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றபோது, அந்த அம்மாள் மலையாளத்தில் ஏதோ கேட்டாள். பூ யாருக்கு என்று கேட்டதாக அவர்கள் டிரைவர் சொன்னார். கல்யாணப் பெண்ணுக்கு என்றேன். "நாங்கள் சாவுக்குப் போகிறோம். நீங்கள் கல்யாணத்துக்குப் போகிறீர்கள். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் என் காரில் ஏறிக்கொண்டாள். இரண்டு தரப்பும் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கார் டிரைவர் தோமஸ் ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். ரப்பர் தோட்டங்களும் மரவள்ளிக் கிழங்குக் கொல்லைகளும் பச்சைக் கோடாக ஓடின. எங்கள் ஊர்ப் பக்கம் பத்து மைலுக்கு ஒரு குளம், அதுவும் பாதி நாள் வறண்டு கிடக்கும். இங்கே வீட்டுக்கு வீடு தண்ணீர் நிற்கிறது. அதை ரசிக்க மனசு ஒட்டவில்லை. மணி ஒன்று பத்துக்கு விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டார். கூடையைத் திறந்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. மொட்டு மொட்டாகவே இருந்தது.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள் சுழலும் சின்ன விமானம். கூடையைப் பெட்டிகளோடு அடியில் போட வேண்டும் என்றார்கள். நான் கெஞ்சியதைப் பார்த்து, முன்வரிசைக்கு முன்னால் இருந்த இடத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். நான் அதற்கு நேராக உட்கார்ந்துகொண்டேன்.

விமானம் ஓடுகிறபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தரையை விட்டதும் அந்த உதறல் சட்டென்று நின்றது. தென்னை மரங்கள் புல்லாகி, புல் பாசியாகி, அப்புறம் வெறும் கடல். கடலுக்கு மேல் எங்கள் நிழல், ஒரு தும்பி அளவுக்கு, கூடவே ஓடி வந்தது. இத்தனை உயரத்தில், கையை அசைக்காமல் உட்கார்ந்துகொண்டு, நிமிஷத்துக்கு நாலு மைல் போகிறோம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நிமிஷத்துக்கு நாலு மைல் என்றால், நான் ஒரு கிலோ பூவை எடை போட்டுக் கட்டி முடிப்பதற்குள் பக்கத்து ஊர் வந்துவிடும்.

பக்கத்தில் இருந்த அவர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மொட்டுக்கு மூச்சு வேண்டுமே என்று நான் கூடையின் மூடியைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அந்த மணம் வரிசை வரிசையாகப் பின்னால் போனதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் பேப்பர் படித்தவர் நிமிர்ந்தார். மூன்றாவதில் தூங்கிய அம்மாள் கண் விழித்தாள். கடைசி வரைக்கும் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

வாத்தியார் குனிந்து மோந்தார். "எங்கட ஊரிலயும் மல்லிகை இருக்கு. ஆனா இதின்ர வாசம் வேற" என்றார். எங்கிருந்து வருகிறேன், எப்போது கிளம்பினேன் என்று கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். "கொழும்பில இறங்கி நான் வீட்டை போறதுக்கு ரயிலில எட்டு மணித்தியாலம் வேணும். உங்கட ஊர் எனக்கு இவ்வளவு கிட்டவா?"

ஐம்பத்தைந்து நிமிஷம் என்றார்கள். ஐம்பத்திரண்டிலேயே சக்கரம் தரையைத் தொட்டது. கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டுமா என்று விசாரித்தேன். வேண்டாம், இங்கேயும் அதே மணிதான் என்றார்கள். தேசம் மாறியும் மணி மாறாமல் இருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சுங்கத்தில் கூடையைத் திறந்தார்கள். அதிகாரி சிங்களவர், நரைத்த மீசை. அவர் பேசியதை ஒரு போர்ட்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: "பூவுல பூச்சி இருந்தா நாட்டுக்குள்ள விட ஏலாது. பரிசோதிக்கிற ஐயா நாளைக்குக் காலையிலதான் வருவாராம்."

நாளைக்குக் காலையில் இது குப்பை. கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போர்ட்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் படித்துச் சிங்களத்தில் சொன்னார். 'கண்ணு தெரியல' என்ற இடத்தை அதிகாரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சற்று நேரம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றவர், உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். வந்ததும் ஒரு வெள்ளைத் துணியை மேஜையில் விரித்து, ஆறு கிலோவையும் கொட்டச் சொன்னார். அவரும் இன்னொருவரும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பிடி பிடியாகத் தட்டிப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம். ஓர் எறும்பு கிடைத்தது. அதை நசுக்கிவிட்டு, தாளில் முத்திரை குத்தித் தந்தார்.

இரண்டு கையாலும் மொட்டை அள்ளி நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கையைக் கீழே இறக்காமல் நிற்பதைப் பார்த்து, பத்தே பத்து மொட்டை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் கையை முகத்தை விட்டுத் தள்ளி, நீட்டிப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஏன் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று போர்ட்டரிடம் கேட்டேன். "புத்தருக்கு வைக்கப் போறார். சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பார்க்கப்படாது" என்றார். அத்தனை மணத்துக்கு நடுவில் முக்கால் மணி நேரம் நின்ற மனிதர், அந்தப் பத்து மொட்டை மட்டும் மோந்து பார்க்காமல் கொண்டுபோனார்.

வெளியே மைதீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலை பாதிக்கு மேல் வழுக்கை. "ஏலே சுப்பையா, வந்திட்டியாலே!" என்று கத்தினான். கட்டிப்பிடிக்க வந்தவனை, கூடை நசுங்கும் என்று தள்ளி நிறுத்தினேன்.

மருதானையில் அவன் வீடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. முன்னறையில் மரியம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மைதீன் கூடையை அவள் முன்னால் வைத்து மூடியைத் திறந்தான். ஒரு மொட்டை எடுத்துக் காம்பிலிருந்து நுனிவரை விரலால் தடவினாள். அப்புறம் இன்னொன்று. பிறகு இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கூடைக்குள் விட்டாள்.

"இன்னைக்குப் பறிச்சதா, அண்ணே?"

"இன்னைக்கு விடியக்காலம் பறிச்சது, தங்கச்சி. நம்மூருல."

"இன்னைக்கா?" என்று மறுபடியும் கேட்டாள்.

வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து தொடுக்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய வேகம் எனக்குப் போதவில்லை. வெட்கத்தை விட்டு நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து முழம் முழமாகத் தொடுத்துத் தள்ளினேன். கை முடிச்சுப் போடுகிறபோதே மொட்டுகள் வாய் திறப்பது தெரிந்தது. ஆறரைக்கு வீடு முழுக்க மணம் நிறைந்து நின்றது.

ஆண்கள் பக்கம் நிக்காஹ் ஓதி முடித்தார்கள். பெண்கள் இருந்த அறைக்கு நான் போகவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் உம்மா மரியத்திடம் துவாவும் ஆசியும் வாங்கப் பெண்ணை முன்னறைக்கு அழைத்து வந்தார்கள். அப்போது வாசல் பக்கம் நின்ற என்னால் பார்க்க முடிந்தது. தலையிலிருந்து இடுப்பு வரை சரம் தொங்க ஆயிஷா நடந்து வந்தாள். அறையில் இருபது பேர் இருந்தார்கள், ஒரே இரைச்சல். யாரும் மரியத்திடம் எதுவும் சொல்லவில்லை. ஆயிஷா இடது பக்கம் ஒதுங்கி ஒரு கிழவரிடம் பேசினாள். மரியத்தின் முகம் இடது பக்கம் திரும்பியது. ஆயிஷா சுற்றிக்கொண்டு ஜன்னல் ஓரமாக வந்தாள். முகமும் அவளோடேயே ஜன்னல் பக்கம் வந்தது. மகள் எதிரே வந்து குனிந்தபோது மரியத்தின் கை தடவித் தேடவில்லை. நேராகக் கன்னத்தில் போய் நின்றது.

மைதீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் தெருவுக்கு இறங்கிவிட்டேன்.

நான் அசைவம் தொடாதவன் என்பதை நினைவு வைத்திருந்து எனக்கென்று இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும் செய்திருந்தார்கள். சொதி எங்கள் பக்கத்துக் கல்யாண மறுவீட்டுச் சொதிக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது, கொஞ்சம் தண்ணீர் அதிகம். சம்பல் சிவப்பாகச் சிரித்துக்கொண்டு இருந்தது. வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த நாளிலிருந்து அது இல்லாமல் எனக்கு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் தனியாக ஊர் பார்க்கக் கிளம்பினேன். புறக்கோட்டைக் கடைவீதிக்குப் போக மாடி பஸ்ஸில் ஏறி, மாடியில் முதல் சீட்டைப் பிடித்தேன். சந்தோஷத்தில் பலகையைப் பார்க்கவில்லை. பஸ் நேர் எதிர்த் திசையில் போய் மிருகக்காட்சிசாலைப் பக்கம் இறக்கிவிட்டது. கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த பெண் தமிழில் சொன்னாள்: "வந்தது வந்தீங்க, யானையைப் பார்த்திட்டுப் போங்களாம்." பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

காலிமுகத்திடலில் கடலைப் பார்த்துக்கொண்டு பால் இல்லாத டீ குடித்தேன். பிளேன்டீ என்கிறார்கள். நாலாவது வாய்க்கு அது பிடித்துப்போனது. அந்தக் கடலைத்தான் நேற்று ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் தாண்டி வந்தேன் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கரையில் நின்று பார்த்தால் அதற்கு முடிவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது மரியம் கேட்டாள், "எந்நேரம் புறப்பட்டீங்க, எந்நேரம் வந்தீங்க, சொல்லுங்கண்ணே." நான் சொன்னேன். மலைப்பாதை லாரி, கார் மாற்றியது, சுங்கம் எல்லாம் சேர்த்துப் பதினோரு மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மைதீன் சொன்னான். கொழும்பு டாக்டர்கள் இரண்டு வருஷமாக மதுரையில் ஒரு கண் ஆசுபத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். மரியம் மாட்டேன் என்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது கப்பலில் அவள் வாந்தி எடுத்து மயங்கி, தலைமன்னாரிலிருந்து ரயிலில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பயணத்தை இன்னொரு தடவை தாங்கமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாள். தன் வாப்பா இறந்தபோதுகூட ஊருக்குப் போகவில்லை. விமானம் என்றால் இன்னும் பயம்.

"அவ ஊரு ரொம்ப தூரம்னு நினைச்சே இருந்திட்டா, வே" என்றான்.

மரியம் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஏண்ணே, அந்தப் பூவு வதங்கவே இல்லையே" என்றாள்.

"இல்ல, தங்கச்சி."

"அப்ப நானும் தாங்குவேன்" என்றாள்.

அதற்கப்புறம் ஆறு நாள், அவர்களுக்கு டிக்கெட்டும் தாள்களும் தயாராகிற வரை, எனக்காக என்று இல்லாமல் அவர்களுக்காகத் தங்கினேன். ஒன்பதாம் நாள் காலை மூவரும் கிளம்பினோம். ஜன்னல் பக்கம் நான், நடுவில் மைதீன், ஓரத்தில் மரியம். விமானம் எழும்புகிறபோது அவள் குர்ஆனின் யாசின் ஓத ஆரம்பித்தாள். மைதீன் கையில் அவள் நகம் பதிந்திருந்தது.

முந்தின நாள் மழை பெய்து ஆகாயம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் போயிருக்கும். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பின்னால் பார்த்தேன். இலங்கைக் கரை ஒரு பச்சை விளிம்பாகத் தெரிந்தது. சும்மா முன்னால் பார்த்தேன். அங்கே இன்னொரு கரை. மணல் வெளுப்பாக, நீளமாக, அதற்குப் பின்னால் மங்கலாக மலை. எங்கள் மலை. ஒரே ஜன்னலில் இரண்டு தேசம். என்னை அறியாமல் எழுந்து நிற்கப் போய், பெல்ட் இழுத்து உட்காரவைத்தது.

"மைதீன், ரெண்டு கரையும் தெரியுதுலே! அவகிட்டச் சொல்லு."

அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓதுவதை நிறுத்திவிட்டு மரியமே கேட்டாள். "ரெண்டுமா? ஒரே நேரத்திலயா?"

"ஒரே நேரத்துல, தங்கச்சி. பின்னால உங்க வீடு, முன்னால நம்மூரு."

"நடுவுல என்ன இருக்கு?"

"தண்ணி. அதுல ஒரு தோணி."

"அவ்வளவுதானா?" என்றாள். பன்னிரண்டு வருஷத்தையும் சேர்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. இறங்குகிற வரை அவள் ஓதவும் இல்லை, பயப்படவும் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து கடையநல்லூர் போய்ச் சேரத்தான் ஆறு மணி நேரம் ஆயிற்று.

மதுரையில் வலது கண்ணுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். தடிமனான கண்ணாடி போட்டால் ஆள் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கலாம் என்கிற அளவுக்குத் தேறியது. இரண்டு மாதம் கடையநல்லூரில் இருந்துவிட்டு, ஆடி மாதம் அதே விமானத்தில் திரும்பிப் போனார்கள்.

பதினைந்து நாள் கழித்து மைதீனின் கடிதம் வந்தது. மரியம் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டாளாம். ஏறியதிலிருந்து இறங்குகிற வரை முகத்தைக் கண்ணாடியை விட்டு எடுக்கவில்லையாம். ஆடி மாதம் அல்லவா, வழி முழுக்க மேகம். இந்தக் கரையும் தெரியவில்லை, அந்தக் கரையும் தெரியவில்லை. கடல்கூடத் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்து, "சுப்பையா அண்ணன் நல்லாப் பொய் சொல்லிருக்காரு" என்று சொல்லிச் சிரித்தாளாம். சிரித்துவிட்டு மறுபடியும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம், அந்த மேகத்தைப் பார்க்க.